ஒரே சிவப்பு, ஆறு ரெஜிமெண்ட்: 1759 மிண்டன் பிரிட்டிஷ் காலாட்படைப் பொம்மைகளுக்கு வண்ணம் பூச முழுமையான வழிகாட்டி

என் முதல் பட்டாலியனில் 24 பொம்மைகளுக்கும் வெள்ளைக் கால்சட்டை போட்டுவிட்டேன். பளிச்சென்று அழகாகத்தான் இருந்தது. வார்னிஷ் எல்லாம் அடித்து, அடித்தளத்தில் புல் ஒட்டி, அலமாரியில் நிறுத்தி வைத்த பிறகுதான் தெரிந்தது, பிரிட்டிஷ் காலாட்படைக்கு வெள்ளை வெயிஸ்ட்கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் 1768 உத்தரவில் வந்தவை. மிண்டன் போர் (வட ஜெர்மனியில், பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக) நடந்தது 1759 ஆகஸ்ட் 1. அன்று களத்தில் நின்றவனுக்குக் கோட்டும் சிவப்பு, உள்ளே வெயிஸ்ட்கோட்டும் சிவப்பு, கால்சட்டையும் சிவப்பு. மூன்று வார வேலையை மறுபடி செய்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏன் மிண்டன் என்றால், 18ஆம் நூற்றாண்டுச் சீருடையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பிரன்ஸ்விக் இளவரசர் ஃபெர்டினண்டின் படையில் இருந்த ஆறு பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகள் (12, 20, 23, 25, 37, 51) பிரெஞ்சுக் குதிரைப்படையை நோக்கி நடந்தே முன்னேறின. பாய்ந்து வந்த குதிரைப்படையைத் துப்பாக்கிச் சூட்டாலேயே சிதறடித்தன. ஆறும் சிவப்பு. வித்தியாசம் ஏறக்குறைய எல்லாம் ‘ஃபேசிங்’ என்ற, கோட்டின் மடிப்புகளில் தெரியும் ஒரு நிறத்தில்தான். அந்த ஆறில் நான்கு மஞ்சள்! 12 மஞ்சள், 20 வெளிர்மஞ்சள், 25 அடர்மஞ்சள், 37 மறுபடி மஞ்சள். மிச்சத்தில் 23 நீலம், 51 பச்சை. சிவப்புக்கு மேல் மஞ்சள் பூசுவதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே எரிச்சலான வேலை என்பதால், இதைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பொம்மை வாங்கும்போது

கடையிலோ இணையத்திலோ ‘18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ்’ என்று போட்டிருந்தால் உடனே காசைக் கொடுக்காதீர்கள். பாதி நேரம் அது அமெரிக்க விடுதலைப் போருக்கான பொம்மையாக இருக்கும், அதாவது 1775க்குப் பிந்தைய உடை. கையைப் பாருங்கள். 1750களின் கோட்டில் கஃப் (கை முனையின் மடிப்பு) பெரியது, முழங்கையை நோக்கிப் பாதி தூரம் ஏறி நிற்கும். 1768க்குப் பிறகு அது சின்னதாக, மணிக்கட்டை ஒட்டி வட்டமாகிவிடும். கழுத்தைப் பாருங்கள்: நம் ஆளுக்கு மடித்த காலர் கிடையாது. கிரனேடியர் (ரெஜிமெண்டின் சிறப்புக் கம்பெனிச் சிப்பாய்) தலையில் கரடித்தோல் தொப்பி இருந்தால் அதுவும் பிந்தையது. நமக்கு வேண்டியது துணியால் செய்த உயரமான கூம்பு, அதாவது மைட்டர் தொப்பி. இந்த மூன்றும் சரியாக இருந்தால் வாங்கிவிடலாம்.

28 மி.மீ. (பொம்மையின் உயரம்) அளவை வைத்துத்தான் சொல்கிறேன். 15 மி.மீ. என்றால் லேஸ் (ஓர நாடா), பித்தான் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறங்கள் அதேதான்.

ஒரு பட்டாலியனுக்கு நான் வைப்பது 24 பேர்: 18 சிப்பாய்கள், இரண்டு சார்ஜெண்டுகள், ஒரு டிரம்மர், ஒரு அதிகாரி, கொடி பிடிக்க இரண்டு என்சைன்கள்.

உடம்பில் எது எங்கே

பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் கோட்டின் அமைப்பை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஃபேசிங் நிறம் வருவது மூன்று இடங்களில். மார்பில் இரண்டு பக்கமும் மடித்துப் பித்தான் போட்ட லேப்பல், கையில் கஃப், அப்புறம் கோட்டின் வால் பகுதியைப் பின்னால் மடித்துக் கொக்கி போட்டிருக்கும் இடம். அந்த மடிப்பில் நமக்குத் தெரிவது கோட்டின் உள்துணி, அதாவது லைனிங். லைனிங் ஃபேசிங் நிறத்தில் இருப்பதால்தான் மடிப்பும் அந்த நிறம். இது புரிந்துவிட்டால் எந்தப் பக்கம் எந்த நிறம் என்ற குழப்பமே வராது. கோட்டின் வெளிப்பக்கம் சிவப்பு, திருப்பிக் காட்டிய உள்பக்கம் ஃபேசிங், அவ்வளவுதான்.

மார்புக்குக் குறுக்கே, இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு, அகலமான பஃப் (வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பு) தோல் வார் போகும். அதன் முனையில் தோட்டாப் பை. இடுப்பில் இன்னொரு வார், அதில் இடப்பக்கம் பயனெட்டும் சின்ன வாளும். தொப்பி கறுப்பு, மூன்று முனை, ஓரத்தில் வெள்ளை நாடா, இடப்பக்கம் கறுப்பு காக்கேட் (ரிப்பன் முடிச்சு). பித்தான்கள் ஈயக்கலவை நிறம், தங்கம் அல்ல.

தயாரிப்பு

உலோகப் பொம்மை என்றால் அச்சுக்கோட்டைச் சின்ன அரத்தால் தேய்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் ஒரு முறை கழுவிக் காய வையுங்கள். ஐஸ் குச்சியில் நான்கு நான்காக ஒட்டிக்கொண்டால் பிடித்துப் பூச வசதி. துப்பாக்கி உடம்போடு ஒட்டி இருக்கும் இடங்களில் பிரஷ் போகுமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) பழுப்பாக இருக்கட்டும். கறுப்பின் மேல் சிவப்பு செத்துப்போகும், வெள்ளையின் மேல் பூசினால் விட்ட இடமெல்லாம் பல்லிளிக்கும். பழுப்பு என்றால் பிரஷ் எட்டாத மூலைகூட நிழல் மாதிரி தெரியும். ஸ்ப்ரே அடிப்பதாக இருந்தால் காற்றில் ஈரம் இல்லாத நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் அடியுங்கள்.

சிவப்பு

சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்குச் சாயம் மேடர் வேரிலிருந்து வந்தது. நம் ஊர் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவு அது. செங்கல் பக்கம் சாயும் சிவப்பு, வெயிலிலும் மழையிலும் இன்னும் மங்கும். அதிகாரி தன் காசில் தைத்துக்கொண்ட கோட் வேறு: மெக்சிகோவிலிருந்து வந்த காச்சினீல் பூச்சியின் சாயம், கண்ணைப் பறிக்கும் ஸ்கார்லெட். ஆகவே ஒரு பட்டாலியனுக்கு இரண்டு சிவப்பு வேண்டும். இதை மட்டும் செய்தாலே, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக்கூட அதிகாரி யார் என்று தெரிந்துவிடும்.

சிப்பாய்க்கு மூன்று அடுக்கு. முதலில் வல்லேஹோ பெயிண்ட் நிறுவனத்தின் கேவல்ரி பிரவுன் போன்ற செம்பழுப்பு, கோட் முழுக்க. அது காய்ந்ததும் மடிப்புகளின் பள்ளத்தை விட்டுவிட்டு அதே நிறத்தில் பாதிக்குப் பாதி ஃப்ளாட் ரெட் கலந்து பூசுங்கள். மூன்றாவது, தோள் மேடு, முழங்கை, மடிப்பின் முகடு ஆகிய இடங்களில் மட்டும் சுத்தமான ஃப்ளாட் ரெட். இன்னும் வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு துளி ஆரஞ்சு சேருங்கள். வெள்ளை சேர்த்தால் ரோஜாப்பூ நிறம் வந்துவிடும், பிறகு என்ன செய்தாலும் அது போகாது. அதிகாரிக்கு ஃப்ளாட் ரெட்டில் ஆரம்பித்து ஸ்கார்லெட்டில் முடியுங்கள்.

இறக்குமதி பெயிண்ட் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கேம்லின் அக்ரிலிக் ட்யூபிலேயே செய்யலாம்: பர்ண்ட் சியன்னாவும் கிரிம்சனும் அடிநிறம், வெர்மிலியன் மேல்நிறம். கொஞ்சம் பளபளக்கும், கடைசியில் மேட் வார்னிஷ் அதைச் சரிசெய்துவிடும். தண்ணீர் அதிகம் சேர்க்காதீர்கள், மெல்லிய மூன்று பூச்சு, கெட்டியான ஒரு பூச்சைவிட எப்போதும் நல்லது.

இங்கே எனக்கு மிகப் பிடித்த ஒரு விஷயம். சிப்பாய்க்கு ஆண்டுக்கு ஒரு முறை புதுக் கோட் கொடுப்பார்கள், பழைய கோட்டை வெட்டி வெயிஸ்ட்கோட் தைப்பார்கள். அதாவது வெயிஸ்ட்கோட்டின் துணி ஒரு வருட வெயில் தின்ற துணி. அதனால் நான் வெயிஸ்ட்கோட்டுக்கு மட்டும் இரண்டாவது அடுக்கோடு நிறுத்திவிட்டு, கொஞ்சம் பஃப் நிறம் கலந்த ஹைலைட் கொடுக்கிறேன். சிவப்புக்குள் சிவப்பு இருந்தும் மார்பில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். கால்சட்டைக்குக் கோட்டின் அதே சிவப்பு போதும். 23ஆவது ராயல் ரெஜிமெண்ட் என்பதால் அதற்கு மட்டும் கால்சட்டை நீலம்.

ஒவ்வொரு பொம்மையாக முடிக்காதீர்கள். எட்டு எட்டாக வரிசையில் வைத்து, எல்லோருக்கும் அடிநிறம், எல்லோருக்கும் நடுநிறம் என்று போனால், எட்டாவது ஆளுக்குப் பூசி முடிக்கும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான்.

நான்கு மஞ்சள்

மஞ்சள் பெயிண்ட் எதையும் மூடாது. சிவப்பின் மேல் நேராகப் பூசினால் ஐந்து பூச்சுக்குப் பிறகும் ஆரஞ்சாகத்தான் நிற்கும், லேப்பலும் இட்லி மாதிரி உப்பிவிடும். அதனால் லேப்பல், கஃப், வால் மடிப்பு மூன்றையும் முதலில் மஞ்சள் காவி நிறத்தில், அதாவது யெல்லோ ஓக்கரில், இரண்டு முறை பூசி மூடுங்கள். ஓக்கர் நன்றாக மூடும். அதன் மேல்தான் மஞ்சள்.

37க்கும் 12க்கும்: ஓக்கரின் மேல் ஃப்ளாட் மஞ்சளும் ஓக்கரும் பாதிக்குப் பாதி, முகட்டில் கொஞ்சம் வெளிர்த்து. 25க்கு கோல்டன் யெல்லோ, பள்ளத்தில் ஓக்கர் அப்படியே தெரியட்டும். 20க்கு ஓக்கரையே வெள்ளையால் வெளிர்த்து ஆரம்பித்து ஐஸ் யெல்லோவில் முடியுங்கள். கிட்டத்தட்டப் பாலேட்டு நிறம். 51க்கு நடுத்தரப் பச்சை, 23க்கு அடர்நீலம், இவற்றுக்கு ஓக்கர் அடி தேவையில்லை.

12க்கும் 37க்கும் ஒரே மஞ்சளா என்று கேட்டால், பட்டியலில் ஒரே சொல்தான். ஆனால் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் தனித்தனியாகத் துணி எடுத்தார்கள், சாயத்தொட்டிக்குத் தொட்டி மாறும், ஒரு மழைக்காலம் போனால் இன்னும் மாறும். ஆகவே ‘சரியான’ மஞ்சளைத் தேடி ராத்திரி இரண்டு மணி வரை உட்காராதீர்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும்போது நான்கும் நான்காகத் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. அதனால் 12ஐ மட்டும் வேண்டுமென்றே அரை நிழல் குளிர்ச்சியாக, ஒரு பொட்டுப் பச்சை காட்டி வைத்திருக்கிறேன்.

லேஸ்

லேப்பல், கஃப், வெயிஸ்ட்கோட் ஓரங்களில் எல்லாம் லேஸ் ஓடும். வெள்ளை நாடாவில் ரெஜிமெண்டுக்குரிய வண்ணக் கோடுகள் நெய்தது. நிஜத்தில் அரை அங்குல அகலமுள்ள நாடா நம் பொம்மையில் கால் மி.மீ.கூட வராது, அதற்குள் இரண்டு நிறக் கோடு போட முயன்றால் கண்தான் போகும். முதலில் லேஸ் வரும் பாதையில் அடர்பழுப்பில் ஒரு கோடு. அதன் மேல், ஓரம் துளி தெரியும்படி விட்டு, வெளிர்சாம்பல் கலந்த வெள்ளை. பழுப்பு ஓரம்தான் மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்துக் காட்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். பிரஷ் நுனி கூராக இருந்தால் போதும், ‘000’ எல்லாம் வேண்டாம், அதில் பெயிண்ட் நுனிக்கு வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. நல்ல 1ஆம் எண் பிரஷ் போதும்.

தோல், இரும்பு, மரம்

வார்கள் பஃப் தோல். சுத்த வெள்ளை பூசினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். காக்கிப் பழுப்பு, மேலே பஃப், விளிம்பில் மட்டும் தந்த நிறம். பை கறுப்பு. கறுப்பு என்று நான் சொல்லும் எதற்கும் நேரடிக் கறுப்பு வேண்டாம்: தொப்பிக்குக் கருநீலம் கலந்த கறுப்பு, ஷூவுக்குப் பழுப்பு கலந்த கறுப்பு. முதுகில் தொங்கும் நாப்சாக் ரோமத்தோடு கூடிய ஆட்டுத்தோல், ஆளுக்கு ஆள் வேறு நிறம் பூசலாம். நாள் முழுக்கச் சிவப்பையே பார்த்தவருக்கு அதுதான் இளைப்பாறும் இடம். ரொட்டிப்பை வெளுக்காத லினன் நிறம், தண்ணீர்க் குடுவை தகரம்.

துப்பாக்கி, பிரவுன் பெஸ் என்று பின்னாளில் பெயர் எடுத்த லாங் லேண்ட் வகை. குழல் மட்டும் 46 அங்குலம். பிரிட்டிஷ்காரர்கள் குழலைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள், ஆகவே வெள்ளி நிறம் தாராளமாகப் போடலாம். மரம் வால்நட், மற்ற பிடிப்புகள் பித்தளை.

கெய்ட்டர் (ஷூவுக்கு மேல் காலை மூடும் துணி உறை) தொடை நடு வரைக்கும் வரும். அணிவகுப்புக்கு வெள்ளை, நடைபயணத்துக்கு அடர்நிறத்தில் வேறு. வெள்ளை பூசினால் முழங்காலுக்குக் கீழே ஒரு கறுப்பு வார் கட்டியிருக்கும், அந்த ஒற்றைக் கோட்டை மறக்காதீர்கள். நான் களத்துக்கு என்று பழுப்புச் சாம்பலும், அலமாரியில் காட்டுவதற்கு என்று ஒரே ஒரு பட்டாலியனுக்கு வெள்ளையும் வைத்திருக்கிறேன்.

தனித்து நிற்பவர்கள்

டிரம்மருக்கு எல்லாம் தலைகீழ். மஞ்சள் ஃபேசிங் ரெஜிமெண்டின் டிரம்மர் மஞ்சள் கோட் போடுவான், அவனுடைய ஃபேசிங் சிவப்பு. புகைக்குள் அவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா. ஆனால் ராயல் ரெஜிமெண்டான 23இல் டிரம்மருக்கும் சிவப்புக் கோட்தான், ஃபேசிங் நீலம். டிரம்மின் முன்பக்கம் ஃபேசிங் நிறம். கோட் முழுக்க லேஸ், மேலே சொன்ன முறையில் பொறுமையாக.

சார்ஜெண்ட் கையில் ஹால்பர்ட் (கோடரி முனை வைத்த நீள ஈட்டி), இடுப்பில் கருஞ்சிவப்புச் சாஷ் (துணிக் கச்சை), நடுவே ஃபேசிங் நிறத்தில் ஒரு பட்டை. அதிகாரிக்கும் கருஞ்சிவப்புதான், ஆனால் பட்டை இல்லாத பட்டுச் சாஷ், வலது தோளிலிருந்து குறுக்கே. கழுத்தில் கார்ஜெட் என்ற சின்ன உலோகப் பிறை. அவருடைய லேஸ் நாடா அல்ல, தங்கம் அல்லது வெள்ளி.

கிரனேடியர் கம்பெனிகளைத் தனியாகப் பிரித்துச் சேர்த்து வேறு பட்டாலியன்கள் அமைத்திருந்தார்கள், ஆகவே மிண்டன் வரிசையில் ரெஜிமெண்டோடு அவர்களை நிறுத்த வேண்டாம். விருப்பத்துக்குப் பூசுவதென்றால் 1751 உத்தரவு மைட்டர் தொப்பியைத் தெளிவாகவே சொல்கிறது: முன்பக்கம் ஃபேசிங் நிறம், அதில் அரசரின் எழுத்துகளும் கிரீடமும், கீழே சின்ன மடல் சிவப்பு, அதில் ஹனோவரின் வெள்ளைக் குதிரை, பின்பக்கம் சிவப்பு. குதிரைக்கு வால், உடம்பு, தலை என மூன்று வெள்ளைப் புள்ளி போதும், மீதியைப் பார்ப்பவர் கண் வரைந்துகொள்ளும். 23 ஃப்யூஸிலியர்கள் என்பதால் அவர்களில் சாதாரணச் சிப்பாய்க்கே இந்த மாதிரி தொப்பி.

தொப்பியில் ரோஜாப்பூ வைக்கலாமா? முன்னேறும் வழியில் தோட்டத்தில் பறித்துச் செருகிக்கொண்டார்கள் என்பது அந்த ரெஜிமெண்டுகளின் மரபுக்கதை, இன்றும் ஆகஸ்ட் 1இல் அவர்களின் வாரிசுப் படைகள் ரோஜா அணிகின்றன. நான் 20ஆவதில் ஒரே ஒருவனுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அவன் பின்வரிசையில் நிற்கிறான்.

கொடி

பட்டாலியனுக்கு இரண்டு. ஒன்று அரசரின் கொடி, அதாவது யூனியன். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: இன்றைய யூனியன் ஜாக்கை அச்சடித்து ஒட்டிவிடுகிறார்கள். அதில் மூலைக்கு மூலை போகும் சிவப்புக் குறுக்குக்கோடு அயர்லாந்துக்காக 1801இல் சேர்ந்தது. 1759 கொடியில் நீலத்தின் மேல் மூலைக்கு மூலை வெள்ளைக் குறுக்குக்கோடு, அதன் மேல் வெள்ளை ஓரம் வைத்த சிவப்புச் சிலுவை, அவ்வளவுதான். இரண்டாவது கொடி முழுக்க ஃபேசிங் நிறம், கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் சின்ன யூனியன். இரண்டு கொடியிலும் நடுப்பகுதியில் ரோஜாவும் திஸ்ஸிலும் (முட்செடிப் பூ) பின்னிய மாலை, உள்ளே ரெஜிமெண்ட் எண் தங்க நிற ரோமன் எழுத்தில். 37 என்றால் மூன்று எக்ஸ், ஒரு வி, இரண்டு ஐ. 23க்கு மட்டும் நடுவில் வேல்ஸ் இளவரசரின் மூன்று இறகுகள். கொடி பெரியது, ஆறடிக்குக் குறையாமல் இருக்கும், பொம்மையில் ஆளை மறைக்கிற மாதிரி தெரிந்தால் அது சரியான அளவுதான். மெல்லிய காகிதத்தில் வரைந்து, ஃபெவிகால் தடவி மடித்து ஒட்டி, ஈரம் இருக்கும்போதே பென்சிலில் சுற்றி அலையாக வளைத்துவிடுங்கள். வெட்டிய வெள்ளை ஓரத்துக்கு அதே நிறம் பூச மறக்க வேண்டாம்.

இதே முறையை வேறு படைக்கு மாற்ற

ஹனோவர் படையும் சிவப்பு, மிண்டனில் பக்கத்திலேயே நின்றது. அதிகாரியின் சாஷ் மஞ்சளாக இருந்தால் அவர் ஹனோவர்காரர். ஹெஸ்ஸே-காஸல், பிரன்ஸ்விக் படைகள் பிரஷ்ய பாணியில் அடர்நீலம். பிரஷ்யாவே வேண்டுமென்றால் கருநீலக் கோட், ஃபேசிங் என்ன நிறமாக இருந்தாலும் வால் மடிப்பு சிவப்பு, கெய்ட்டர் கறுப்பு, அதிகாரிக்கு வெள்ளியும் கறுப்பும் கலந்த சாஷ், கிரனேடியருக்கு உலோகத் தகடு வைத்த தொப்பி. ஆஸ்திரியாவுக்கும் பிரான்ஸுக்கும் சாயம் போடாத கம்பளி வெள்ளை, அதை வெளிர்சாம்பலில் தொடங்கிப் பூசினால்தான் துணி மாதிரி இருக்கும். பிரான்ஸில் சுவிஸ், ஐரிஷ் ரெஜிமெண்டுகள் சிவப்பு. நம் வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டின் படையை எதிர்த்து நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலியின் சொந்த ரெஜிமெண்ட் ஐரிஷ், அதன் சீருடை சிவப்பு, ஃபேசிங் பச்சை. வந்தவாசியை மேசையில் விளையாட நினைப்பவர்கள் இரு பக்கமும் சிவப்பு வரும் என்று தயாராக இருங்கள்.

முடிக்கும்போது

நீர்த்த பழுப்பு வாஷை மொத்தமாகக் கொட்டாமல், பள்ளங்களில் மட்டும் நுனியால் விடுங்கள். மஞ்சளின் மேல் கொட்டினால் அழுக்காகிவிடும். முகத்துக்கு வாஷ் போட்டபின் மூக்கு, கன்னம், தாடையை மறுபடி தொட்டுவிடுங்கள். எல்லோரும் மழித்த முகம், மீசை வேண்டாம்.

வார்னிஷ் இரண்டு முறை: முதலில் பளபளப்பு வகை, பாதுகாப்புக்கு; பிறகு மேட். ஒரு நவம்பரில், வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, பால்கனியில் நின்று மேட் ஸ்ப்ரே அடித்தேன். காலையில் பார்த்தால் 25ஆவது ரெஜிமெண்ட் முழுக்கப் பனி பெய்த மாதிரி வெண்மை படர்ந்திருந்தது. மறுபடி பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசியதும் முக்கால்வாசி தெளிந்தது, மிச்சத்தைப் புகை என்று சொல்லிச் சமாளிக்கிறேன். இப்போதெல்லாம் மழைக்காலத்தில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடுவதில்லை, பிரஷ்ஷால்தான்.

அடித்தளத்துக்கு ஃபெவிகாலும் சலித்த மணலும், மேலே பழுப்பு. ஆகஸ்ட் மாத வட ஜெர்மனி என்பதால் பச்சைப் புல்லைக் குறைத்து, காய்ந்த புல் நிறத்தை அதிகம் தூவுங்கள். கடைசியாக, அடித்தளத்தின் பின்னால் ரெஜிமெண்ட் எண்ணை எழுதி வையுங்கள். 12ஐயும் 37ஐயும் பூசிய எனக்கே சில நாள் கொடியைப் பார்த்தால்தான் தெரிகிறது.